வாட்டர்கலர் ஓவியத்தைப் பிறரிடம் காட்டுவது எப்படி?

படத்தை முடித்ததும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து, "எப்படி இருக்கு?" என்று நண்பர்களுக்கு அனுப்புவோம். நாலு பேர் "சூப்பர்" என்பார்கள். அதோடு சரி. நானும் வெகுநாள் அப்படித்தான் இருந்தேன். உருப்படியாக ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், வரைந்த விதத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அந்த வேலை வரைய உட்காரும்போதே தொடங்கிவிடுகிறது.

1. வண்ணம் கலந்து பார்த்த துண்டுத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு சேர்ந்தால் சாம்பல் நிறம் வரும். நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் காரை பெயர்ந்த சுவர். எந்தத் தீற்றலில் எதைக் கலந்தீர்கள் என்று பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வையுங்கள்.

2. நடுவில் மூன்று போட்டோ போதும்: பென்சில் கோடு, முதல் பூச்சு, முடிப்பதற்குச் சற்று முன். பூச்சு காய்ந்த பிறகே எடுங்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் வண்ணம் காய்ந்ததும் வெளிறிவிடும்.

3. முடிந்த படத்தை, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல், மொபைலைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள்.

4. இனி படத்தோடு அனுப்ப, அதைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். பலர் தயங்குவது இங்கேதான். இதற்கு இலக்கிய நடையெல்லாம் வேண்டாம். 1888 அக்டோபரில் ஓவியர் வின்சென்ட் வான்கா தன் படுக்கையறை ஓவியத்தைப் பற்றித் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், சின்னதாக அந்த அறையை வரைந்துகாட்டி, சுவர் வெளிர் ஊதா, தரை சிவப்பு ஓடு, கட்டில் புது வெண்ணெயின் மஞ்சள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அவ்வளவு எளிமையாக எழுதினால் போதும்.

5. சொதப்பியதை மறைக்காமல், அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒருமுறை என் வானத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை விழுந்துவிட்டது. படத்தை அனுப்பி, "இது ஏன் வந்தது?" என்று கேட்டேன். பாதி காய்ந்த பூச்சில் ஈரத் தூரிகை பட்டால், புதுத் தண்ணீர் வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடுமாம். ஒரு அக்கா ஒரு வழியும் சொன்னார்: "பளபளப்பு போயிட்டா காஞ்சிடுச்சுன்னு நினைக்காத. புறங்கையால தாளைத் தொட்டுப் பாரு. ஜில்லுன்னு இருந்தா உள்ளே இன்னும் ஈரம் இருக்கு." அன்றிலிருந்து தொட்டுப் பார்க்காமல் அடுத்த பூச்சு வைப்பதில்லை.

6. நேரில் காட்டவும் பழகுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற, ஊரை நேரில் பார்த்து வரைபவர்களின் குழு இன்று பல நாடுகளில் இருக்கிறது. தெருவில் உட்கார்ந்து வரைந்து முடித்ததும், எல்லோருடைய நோட்டுகளையும் தரையில் பக்கம் பக்கமாகப் பரப்பிவிட்டுச் சுற்றி நின்று பேசுவார்கள். நீங்களும் நாலு பேர் சேர்ந்தால் கோயில் குளத்துப் படிக்கட்டிலேயே இப்படிச் செய்யலாம். நோட்டை வைக்கும்போது "சும்மா கிறுக்கினது" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்தத் துண்டுத் தாளையும் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் முதலில் அதைத்தான் குனிந்து பார்ப்பார்கள்.