பிளைவுட் காடியை சிஎன்சியில் இறுக்கமாக வெட்டுவது எப்படி

லண்டனில் 2011இல் தொடங்கிய விக்கிஹவுஸ் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 18 மி.மீ. பிளைவுட்டை, கம்ப்யூட்டர் வரைபடத்தின்படி சுழலும் பிட்டால் வெட்டும் சிஎன்சி ரவுட்டரில் வெட்டி, துண்டோடு துண்டைக் கோத்து, கொட்டாப்புளியால் தட்டியே வீட்டுச் சட்டகத்தை எழுப்பிவிடுகிறார்கள். அதே வழியில் ஒரு அலமாரியோ சின்னக் கொட்டகையோ செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் தடிமன் அளக்கும் வெர்னியரை எடுங்கள், கம்ப்யூட்டர் அப்புறம்.

கடையில் 18 என்று தருகிற ஷீட் 17.4 இருக்கும், சிலது 18.3 கூட வரும், ஒரே ஷீட்டிலேயே ஒரு ஓரத்துக்கும் இன்னொரு ஓரத்துக்கும் வித்தியாசம் இருக்கும், மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் இன்னும் கொஞ்சம் ஊதும். நான் முதல் தடவை அளக்காமல் 18 என்றே வரைந்துவிட்டேன், ஷீட் அதைவிடத் தடிமன், காடி என்கிற வெட்டுப் பள்ளத்துக்குள் போக வேண்டிய நாக்கு ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை, முழு ஷீட்டும் போச்சு. நாலு பக்கமும் அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 0.1, 0.1 ஆகக் கூட்டி ஐந்தாறு காடிகளை ஒரு ஓரத்தில் வெட்டிப் பாருங்கள். கையால் அழுத்தினால் பாதி இறங்கி, லேசாகத் தட்டினால் முழுசாக உட்கார வேண்டும். எந்தக் காடியில் அப்படி உட்காருகிறதோ அதுதான் உங்கள் அளவு.

அடுத்தது மூலை. சுழலும் பிட் உள்மூலையைச் சதுரமாக வெட்டாது, 6 மி.மீ. பிட் என்றால் 3 மி.மீ. ஆரத்துக்கு வளைவு மிச்சம் நிற்கும், சதுர நாக்கு அதில் முட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு உள்மூலையிலும் ஒரு வட்டக் குடைவு வையுங்கள், இதைத்தான் டாக்போன் என்கிறார்கள், பார்க்க எலும்பின் முனை மாதிரியே இருக்கும். வட்டத்தின் விட்டம் பிட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, 6.4 மாதிரி இருக்கட்டும். சரியாக 6 என்று வரைந்தால் சில சாஃப்ட்வேர்கள் அந்தக் குழிக்குள் போகாமலே விட்டுவிடும்.

சரி, வெட்டும்போது உள்காடிகளை முடித்த பிறகே வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்து காடி கோணிவிடும், துண்டை ஷீட்டோடு பிடித்துவைக்க வெட்டாமல் விடும் சின்ன இணைப்புகளை (டேப்) விட்டிருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிட் ரொம்ப மெதுவாக நகர்ந்தாலும் மரம் கருகும். நிமிடத்துக்கு 18,000 சுற்று, பிட்டில் இரண்டு வெட்டுமுனை, ஒரு சுற்றில் ஒவ்வொரு முனைக்கும் 0.1 மி.மீ. என்றால் நகரும் வேகம் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. வருகிறது, அங்கிருந்து ஆரம்பியுங்கள். தூசுக்கு மாஸ்க் கட்டாயம்.

பசை தடவும் முன் ஒருமுறை எல்லாவற்றையும் சும்மா கோத்துப் பாருங்கள். தட்டும்போது நடுவில் ஒரு வீண்கட்டையை வைத்துத் தட்டுங்கள், நேராக விளிம்பில் அடித்தால் மேல் வெனீர் பிய்ந்து வரும்.