கம்ப்யூட்டர் பார்ட்னரோடு பிரிட்ஜ்: ஏலத்தில் எங்கே நிறுத்துவது?

எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடியாக, நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம் பிரிட்ஜ். அதில் சீட்டு இறக்குவது சீக்கிரம் பழகிவிடும். ஆளைத் திணறடிப்பது ஏலம்தான், அதாவது எந்த ஜாதியை (ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப்) துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று மாறி மாறிக் கேட்பது. அதிலும் எதிரே உட்கார்ந்திருப்பது கம்ப்யூட்டர் என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் நமக்குப் பார்ட்னராக வரும் 'ஜிப்' என்ற நிரலை எழுதியவர் மாத்யூ கின்ஸ்பெர்க். 1998, 1999 இரண்டு ஆண்டும் உலகக் கணினி பிரிட்ஜ் பட்டத்தை அது வென்றது. ஆகவே ஏமாளிப் பார்ட்னர் இல்லை. ஆனால் நாம் கேட்பதை அட்சரம் பிசகாமல் நம்பிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம்.

படி 1: கையை எண்ணுங்கள்

ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1. கட்டு முழுவதும் சேர்த்து 40 புள்ளி. (ஜாக்கே பெரிய சீட்டாக இருக்கும் 'இருபத்தெட்டு' ஆட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஜாக்கைக் கண்டதும் கை பரபரக்கும். இங்கே அது வெறும் ஒரு புள்ளி, மறந்துவிடுங்கள்.) உங்கள் கையும் பார்ட்னர் கையும் சேர்ந்து 25 வரும் என்று தெரிந்தால் 'கேம்', அதாவது ஜெயித்தால் பெரிய போனஸ் தரும் ஏலம், கேட்கலாம். 4 ஸ்பேட், 4 ஹார்ட் அல்லது 3 நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) அந்த வகை. கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டினால், எடுக்க வேண்டிய பிடிகள். வராது என்றால் கீழேயே நின்றுவிடுவது நல்லது.

படி 2: கேட்பதற்கு முன் அர்த்தத்தைப் படியுங்கள்

ஏலக் கட்டத்தில் ஒரு கேட்பின் மேல் சுட்டியை வைத்தால், கம்ப்யூட்டர் அதை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று ஒரு வரி வரும். எத்தனை சீட்டு, எத்தனை புள்ளி எல்லாம் அதில் இருக்கும்.

அதைப் படிக்காமல் நான் பட்ட பாடு இது. பார்ட்னர் 1 நோ டிரம்ப் என்று ஆரம்பித்தது. அப்படியென்றால் 15 முதல் 17 புள்ளி. என் கையில் ஐந்து ஹார்ட், இரண்டே ஸ்பேட், மொத்தம் 5 புள்ளி. '2 ஹார்ட் கேட்டு அங்கேயே நின்றுவிடலாம்' என்று நினைத்து அழுத்தினேன். அந்த ஏல முறையில் 2 ஹார்ட் என்றால் 'என்னிடம் ஐந்து ஸ்பேட் இருக்கிறது, நீ 2 ஸ்பேட் கேள்' என்று பொருள். பார்ட்னரும் சமர்த்தாக 2 ஸ்பேட் கேட்டது. அப்போதாவது பாஸ் சொல்லியிருக்க வேண்டும். நானோ பதறிப்போய் 3 ஹார்ட் என்றேன். இரண்டு ஜாதியிலும் ஐந்தைந்து சீட்டு, கையும் பலமானது என்று நம்பி அது 4 ஸ்பேட்டுக்குப் போய்விட்டது! மனிதப் பார்ட்னராக இருந்தால் என் முழியைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்திருப்பார். சரியான வழி: 2 டைமண்ட் கேட்பது (அதே முறையில் 'என்னிடம் ஐந்து ஹார்ட் இருக்கிறது' என்று பொருள்), பார்ட்னர் 2 ஹார்ட் சொன்னதும் பாஸ்.

தப்பாகக் கேட்டுவிட்டால் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். கிடைத்த இடத்தில் பாஸ் சொல்லி, சின்ன நஷ்டத்தோடு தப்பித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரே புள்ளி, வேறு கை

நீங்கள் 1 ஸ்பேட் கேட்டீர்கள், பார்ட்னர் 2 ஸ்பேட் என்றது. அதனிடம் மூன்று ஸ்பேட்டாவது இருக்கும், புள்ளி சுமார் 6 முதல் 10. உங்கள் கை இப்படி:

ஸ்பேட்: ராஜா, ராணி, 10, 5, 4
ஹார்ட்: ஏஸ், 3
டைமண்ட்: ராஜா, 7, 6
கிளப்: ராணி, 8, 4

14 புள்ளி. பார்ட்னரிடம் 10 இருந்தாலும் 24தான். பாஸ். 'ஒரு எட்டு மேலே போய்ப் பார்ப்போமே' என்ற ஆசை வேண்டாம்.

இப்போது இது:

ஸ்பேட்: ஏஸ், ராஜா, 10, 5, 4
ஹார்ட்: 3
டைமண்ட்: ஏஸ், ஜாக், 9, 6, 2
கிளப்: ராணி, 4

இதுவும் 14தான். ஆனால் ஹார்ட்டில் ஒரு பிடிதான் போகும், அடுத்த ஹார்ட்டைத் துருப்பால் வெட்டிவிடலாம். டைமண்டும் நீளம். தயங்காமல் 4 ஸ்பேட் கேளுங்கள். முதல் படியில் எண்ணிய எண்ணிக்கை ஒரு அளவுகோல்தான், கையின் வடிவம் அதைத் தூக்கியும் விடும், இறக்கியும் விடும்.

படி 4: டபுள்

எதிராளி கேட்டதன் லாப நஷ்டத்தை ஏற்றிவிடுவது டபுள். எதிராளி மேல் கோபத்தில் அதை அழுத்தாதீர்கள். ஆரம்ப ஏலத்தில் டபுள் என்றால் பெரும்பாலும் 'மற்ற ஜாதிகளில் ஒன்றைக் கேள்' என்ற வேண்டுகோள். 'நீங்கள் கேட்டதை எடுக்க முடியாது' என்று சொல்லும் தண்டனை டபுள் வேறு. எது எது என்று, சுட்டியை வைத்தால் வரும் அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

படி 5: ஆட்டம் முடிந்ததும்

நான்கு கைகளையும் திறந்து வையுங்கள். ஏலத்தின் ஒவ்வொரு கேட்புக்கும் இருந்த அர்த்தத்தைப் படித்து, உங்கள் நிஜக் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்ட்னரைத் திட்ட வாயெடுத்த பல ஆட்டங்களில், பொய் சொன்னது நான்தான் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.