பூரட்டாதிப் பக்கத்து வாயுக்கோள்: சார்ட்டில் எழுதக் கூடாதவை

குப்பம், ராமகுப்பம் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி என்றால் எரிமலை மாதிரியோடு இப்போது புறக்கோள் (வேறு விண்மீனைச் சுற்றும் கோள்) சார்ட்டும் வந்துவிடுகிறது. பிள்ளைகள் அதிகம் எடுப்பது 51 பெகாசி பி. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோள் என்று முதலில் உறுதியானது அதுதான், அதனால் நல்ல தேர்வு. எழுதும் விஷயங்களில்தான் சிக்கல்.

சார்ட்டின் நடுவில் ஒரு படம் ஒட்டியிருக்கும். ஆரஞ்சுப் பட்டைகள் ஓடும் பெரிய உருண்டை, பின்னால் கொதிக்கும் சூரியன், கீழே ஸ்கெட்ச் பேனாவில் ‘தொலைநோக்கி எடுத்த புகைப்படம்’. பாதித் தவறுகள் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கின்றன. அந்தக் கோளை இதுவரை யாரும் படம் பிடித்ததில்லை. அது ஓவியர் கற்பனை. “காவலூர் பக்கத்துலதானே இருக்கு, அங்க போய்க் கேட்டா காட்ட மாட்டாங்களா?” என்று பிள்ளையைக் கூட்டி வந்த ஒரு தாத்தா கேட்டார். ஜவ்வாது மலையில், அந்தக் காவலூர் ஆய்வகத்தில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அதில் மட்டுமல்ல, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியிலும் தெரியாது. புதன் சூரியனிலிருந்து 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. இந்தக் கோளோ தன் விண்மீனிலிருந்து வெறும் 78 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. 50 ஒளியாண்டு தூரத்திலிருந்து பார்த்தால் விண்மீனின் வெளிச்சத்தில் அது முழுகிப் போகும்.

சரி, பார்க்காமலே எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1995இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் பிரான்சின் ஓட்-ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் அந்த விண்மீனின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, திரும்பத் திரும்ப அளந்தார்கள். அதிலுள்ள கோடுகள் விண்மீன் நம்மை நோக்கி வரும்போது நீலப் பக்கம், விலகும்போது சிவப்புப் பக்கம் நகர்ந்தன, 4.23 நாளுக்கு ஒருமுறை அதே ஆட்டம். விண்மீன் நம்மை நோக்கி வந்து விலகும் வேகம் நொடிக்கு 60 மீட்டருக்கும் குறைவு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுத்து ஆட்டுகிறது. சார்ட்டின் நடுவில் ஒட்ட வேண்டியது ஏறி இறங்கும் அந்த வளைகோடுதான். 2019இல் அவர்களுக்கு நோபல் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

இந்த முறையில் ஒரு வில்லங்கம் உண்டு. செக்கு சுற்றும் மாட்டைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால், நம் பக்கம் வருவதும் விலகிப் போவதும் நன்றாகத் தெரியும். மாடியில் நின்று நேர் கீழே பார்த்தால், அதே மாடு அதே வேகத்தில்தான் சுற்றும், ஆனால் நம்மை நோக்கி வராது, விலகவும் செய்யாது. விண்மீனின் ஆட்டத்தை நாம் திண்ணையிலிருந்து பார்க்கிறோமா மாடியிலிருந்து பார்க்கிறோமா என்பது இந்த அளவீட்டில் தெரியாது. உண்மை ஆட்டம் நாம் அளந்ததைவிடப் பெரிதாக இருக்கலாம், அதனால் கிடைப்பது ‘குறைந்தபட்ச நிறை’ மட்டுமே. இந்த ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லைச் சார்ட் எழுதும்போது இடமில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எச்டி 114762 என்ற விண்மீன் இருக்கிறது. 1989இல், மேயர் குழுவுக்கும் முன்பே, அந்த விண்மீனை 84 நாளில் சுற்றும் ஒன்று தெரிந்தது. நிறை குறைந்தபட்சம் வியாழனைப் போல 11 மடங்கு. கோளாக இருக்கலாம் என்று பல ஆண்டுகள் பட்டியலில் வைத்திருந்தார்கள். பிறகு விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாக அளக்கும் கையா விண்கலத்தின் அளவீடுகள் வந்தன. நாம் பார்த்துக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட மாடியிலிருந்து! சுற்றியது கோளே இல்லை, ஒரு சிறிய விண்மீன்.

51 பெகாசி பி தப்பித்துக்கொண்டது. பிற்பாடு விண்மீனின் ஒளிக்குள்ளிருந்தே கோளின் சொந்த ஒளியைப் பிரித்தெடுத்தார்கள், 2017இல் அதில் நீராவியின் தடமும் கிடைத்தது. கணக்குப் போட்டால் நிறை வியாழனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, பழைய குறைந்தபட்ச எண்ணுக்குப் பக்கத்திலேயே. ஆனால் ‘வியாழனைவிட இத்தனை மடங்கு பெரியது’ என்று குறுக்களவை எழுதாதீர்கள். கோள் விண்மீனுக்குக் குறுக்கே போய் அதன் ஒளியை மறைத்தால்தான் குறுக்களவை அளக்க முடியும். இது அப்படிப் போவதில்லை. எழுதியே ஆக வேண்டும் என்றால் 1999இல் அப்படிக் கடந்து போனதைப் பார்த்த எச்டி 209458 பி-யை எடுங்கள். நிறை வியாழனைவிடக் குறைவு, குறுக்களவு அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். எடையும் பருமனும் ஒன்றாக ஏறும் என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல பாடம்.

சின்னச் சின்னவை சில. ஒளியாண்டு தூரம், காலம் அல்ல. ஓராண்டு நாலே நாள் என்பதால் கோள் வேகமாகத் தன்னைத்தானே சுழலும் என்று அர்த்தமில்லை. இவ்வளவு நெருக்கத்தில் ஒரே பக்கத்தை விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்றே கருதுகிறார்கள். ‘அதன் தரையில் 1000 டிகிரி’ என்பதில் தரை கிடையாது, அது வாயுக்கோள். ‘முதல் புறக்கோள்’ என்றும் எழுத வேண்டாம். 1992இலேயே ஒரு பல்சாரை (வேகமாகச் சுழலும் செத்த விண்மீனின் மிச்சம்) சுற்றும் கோள்கள் தெரிந்துவிட்டன. விண்மீன் சூரியனைப் போல இருப்பதால் கோளும் நம்முடையதைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. அந்தக் கோள் சுற்றும் விண்மீனான 51 பெகாசி இருப்பது பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களான மார்க்காப், ஷியாட் இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று மேற்கே, ஏறக்குறைய நடுவில். பூரட்டாதிக்கு அதிபதி குரு. குரு நட்சத்திரத்தின் பக்கத்தில் குருவைப் போல ஒரு கோள் என்றதும் சிலருக்குப் புல்லரித்துவிடுகிறது. தற்செயல்தான். பக்கம் என்பதும் நம் கண்ணுக்குத்தான்: 51 பெகாசி 50 ஒளியாண்டில், மார்க்காப் 130க்கும் மேலே, ஷியாட் 200ஐ நெருங்கி. மழை மேகம் விலகிய டிசம்பர் இரவில் ஏழு மணி வாக்கில் இந்த இரண்டும் உச்சியை ஒட்டி நிற்கும். ஊர் விளக்குக்குத் தள்ளி நின்று பைனாகுலரில் தேடினால் 51 பெகாசி புள்ளியாகத் தெரியும். தெரிவது விண்மீன்தான், அதைக் கோள் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, ‘வானம் முழுக்க இப்படிப்பட்ட சூடான வியாழன்கள்தான்’ என்ற வரி. தொடக்க ஆண்டுகளில் கண்டுபிடித்தவற்றில் இவை நிறைய இருந்தது உண்மை. கனமாகவும் விண்மீனை ஒட்டியும் இருப்பதால் ஆட்டம் பெரிது, சுற்று சில நாளில் முடிகிறது, சீக்கிரம் மாட்டிக்கொள்கின்றன. நம் வியாழனோ சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு எடுக்கிறது. அப்படி ஒன்றைப் பிடிக்க அத்தனை ஆண்டு காத்திருந்து அளக்க வேண்டும். சூரியனைப் போன்ற விண்மீன்களில் சூடான வியாழன் இருப்பது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான்.