இடதுசாரி, வலதுசாரி, மையவாதம்: கிழக்கில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“இடதுசாரி என்றால் ஏழைகளின் கட்சி, வலதுசாரி என்றால் பணக்காரரின் கட்சி, மையவாதி என்றால் எந்தப் பக்கமும் சாராத நல்லவர்.” மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு இந்த விடை ஆண்டுதோறும் கைக்கு வந்து சேர்கிறது. இதன் ஒவ்வொரு பகுதியும் பாதி உண்மை என்பதால் திருத்துவதும் கடினமாகிறது. மாணவரின் பெற்றோரும் தேர்தல் காலத்தில் இதையே பேசுவதால், இது பரீட்சையோடு முடிந்துவிடும் பிழையுமல்ல.

இச்சொற்கள் ஓர் இருக்கை ஒழுங்கிலிருந்து பிறந்தவை. 1789ஆம் ஆண்டு பிரான்சின் தேசிய சபையில் மன்னருக்குச் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் வேண்டுமா என்ற விவாதம் எழுந்தபோது, மன்னரின் பக்கம் நின்றோர் சபைத் தலைவரின் வலப்புறத்திலும் அந்த அதிகாரத்தை மறுத்தோர் இடப்புறத்திலும் அமர்ந்தனர். வலக்கையை உயர்வாகவும் இடக்கையைத் தாழ்வாகவும் கருதும் நமது வழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பின்னர் இச்சொற்களின் பொருள் விரிந்தது. செல்வமும் வாய்ப்பும் சிலரிடம் குவிவதே முதன்மையான அநீதி, அதை அரசும் கூட்டு முயற்சியும் சீர்செய்ய வேண்டும் என்பது இடதுசாரிச் சிந்தனையின் மையம். தனியுடைமை, சந்தை, குடும்பம், சமயம், மரபு ஆகியவை காலத்தால் சோதிக்கப்பட்டவை, அவற்றை அவசரமாக மாற்றினால் இழப்பே மிகும் என்பது வலதுசாரிச் சிந்தனை. சந்தையை ஏற்று, அதன் கடுமையை அரசின் கையால் தணித்து, படிப்படியாக மாற்றம் காண விரும்புவது மையவாதம்.

மிகப் பரவலான தவறு, அரசு செய்வதெல்லாம் இடதுசாரித்தனம் என்று எண்ணுவதாகும். முதியோருக்கும் நோயாளருக்குமான சமூகக் காப்புறுதியை 1880களில் ஜேர்மனியில் கொண்டுவந்தவர் பிஸ்மார்க் என்ற பழைமைவாதத் தலைவர். நமது மாவட்டத்திலேயே வாழைச்சேனை காகித ஆலை ஓர் அரச தொழிற்சாலை. அதற்கு வித்திட்டவர் ஐக்கிய தேசியக் கட்சியின் அரசில் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி.ஜி. பொன்னம்பலம். 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் முதல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்காவின் அரசு நடத்திய மாபெரும் அரச முயற்சி. அவரே விவசாய அமைச்சராக இருந்து கொண்டுவந்த 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்பட்டவைதான், இன்றும் நம்மவர் பலர் செய்கை பண்ணும் பேமிற் (அனுமதிப்பத்திர) காணிகள். அவற்றை உரியவர் விரும்பியபடி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. சந்தையின் ஆதரவாளர் என நாம் கருதும் ஐக்கிய தேசியக் கட்சியின் நிறுவுநரான அவர் காணியைச் சந்தையிலிருந்து விலக்கி வைத்தது ஏன்? அவருடைய நோக்கம் சமத்துவமல்ல. சிறு விவசாயியின் பழைய வாழ்க்கைமுறை கைமாறிப் போய்விடாமல் காப்பதே. வலதுசாரிச் சிந்தனைக்குள் மரபைக் காக்க விரும்பும் ஓடையும் சந்தையைத் திறந்துவிட விரும்பும் ஓடையும் தனித்தனியாக ஓடுகின்றன, சில வேளைகளில் ஒன்றையொன்று எதிர்த்தும் நிற்கின்றன. இதை விளங்கிக்கொண்டவருக்குப் பாடத்தின் பாதி முடிந்துவிடும்.

இதற்கு மாறாக, 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் தெளிவான இடதுசாரி நடவடிக்கை. காணி யாருடையது என்பதைவிட, அதில் பாடுபடுகிறவரின் உரிமை என்ன என்பதே அதன் கேள்வி. போடியாரையும் (பெருங்காணிச் சொந்தக்காரர்) முல்லைக்காரரையும் (அவரது வயலில் வேலை செய்தவர்) நினைவில் வைத்திருக்கும் நமக்கு அந்தக் கேள்வியின் கூர்மையை விளக்கத் தேவையில்லை.

கட்சியின் பெயரையோ கொடியின் நிறத்தையோ பார்த்துக் கொள்கையை முடிவுசெய்வதும் தவறு. நாட்டின் பெயரில் “சோசலிச” என்ற சொல்லை வைத்திருக்கும் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பை, அதற்கு முந்திய ஆண்டுதான் திறந்த பொருளாதாரத்தைத் தொடங்கியிருந்த ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசே இயற்றியது. மார்க்சியப் பின்னணியுடைய மக்கள் விடுதலை முன்னணியின் தலைமையில் 2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தியும், சர்வதேச நாணய நிதியத்துடன் 2023இல் செய்யப்பட்ட ஏற்பாட்டைத் தொடர்ந்து வருகிறது. இதைத் துரோகம் என்று உடனே சொல்லிவிடாமல், நம்பிக்கை வேறு, கையிருப்பு அனுமதிக்கும் கொள்கை வேறு என்று பிரித்துப் பார்ப்பதே முறை.

மையவாதத்தைப் பற்றிய பிழையை நமது மொழியே ஊக்குவிக்கிறது. “நடுநிலை” என்பது தமிழில் ஓர் அறப்பண்பு. நீதிபதிக்கும் ஊர்ப்பெரியவருக்கும் வேண்டியது. மையவாதமோ ஏனையவற்றைப் போல ஒரு சார்புதான். நெல்லின் விலை வீழ்ந்தால் மட்டும் அரசு ஓரளவு கொள்வனவு செய்யட்டும், மற்றக் காலங்களில் ஆலைக்காரரும் வியாபாரிகளும் போட்டியிடட்டும் என்று சொல்பவர், அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பவரையும், அரசு முற்றாக விலக வேண்டும் என்பவரையும் எதிர்த்தே அதைச் சொல்கிறார். ஆகவே, எழுதும்போது “மையவாதம்” என்ற சொல்லையே கையாளுமாறு மாணவரிடம் வற்புறுத்துகிறேன்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது, இனப்பிரச்சினையை இந்த அளவுகோலில் அளக்க முற்படுவது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்த இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வாவே, பௌத்தத்துக்கு முதன்மை இடமளித்து, சிங்களத்தின் நிலையை உறுதிப்படுத்திய 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பை வரைவதற்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தார். மக்கள் விடுதலை முன்னணி தொடுத்த வழக்குகளின் விளைவாகவே 2006இல் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்புச் செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. இடதுசாரி என்பதால் ஒருவர் அதிகாரப் பகிர்வை ஆதரிப்பார் என்றோ, வலதுசாரி என்பதால் எதிர்ப்பார் என்றோ இங்கே கொள்ள முடியாது. சமஷ்டியைக் கோரிய தமிழரசுக் கட்சிக்குள் காணிச் சொந்தக்காரரும் இருந்தனர், கூலி உழைப்பாளரும் இருந்தனர். 1981இல் காத்தான்குடியில் தோன்றிய முஸ்லிம் காங்கிரசையும் இந்த இரு பெட்டிகளில் அடைக்க இயலாது. 2024 நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பு ஒன்றில்தான் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறவில்லை; அங்கு தமிழரசுக் கட்சி முன்னின்றது. இதனைக் கொண்டு மட்டக்களப்பார் வலதுசாரிகள் என்று முடிவுசெய்வது, நெல் அளக்கும் மரைக்காலால் துணியை அளப்பதற்கு ஒப்பாகும்.

மக்கள் விடுதலை முன்னணி 1971இல் நடத்திய ஆயுதக் கிளர்ச்சியை நினைத்து, இடதுசாரி என்றதுமே ஆயுதம் என்று அஞ்சும் மூத்தோர் உள்ளனர். ஆயினும் இடதுசாரித் தலைவர்களான என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் 1936இலேயே தேர்தலில் வென்று, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குச் சென்றவர்கள். அவ்வாறே, சந்தையை விரும்பும் எல்லோரும் இனவாதிகளல்லர். வெளிநாட்டுச் செய்திகளில் வரும் “லிபரல்” என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அது அமெரிக்காவில் இடப்பக்கத்தையும், அவுஸ்திரேலியாவில் அப்பெயருடைய கட்சியின் வழியாக வலப்பக்கத்தையும் குறிக்கிறது.

பேமிற் காணிக்கு முழு உறுதி (உரிமைப் பத்திரம்) தருவோம் என்று வேட்பாளர் ஒருவர் சொல்லும்போது கூட்டத்தில் கைதட்டல் எழுகிறது. உறுதி கிடைத்தால் வங்கிக் கடன் எடுக்கலாம் என்பது ஒரு பக்கம். வேளாண்மை பொய்த்த ஒரு போகத்திலேயே அந்தக் காணி கடன்காரரின் கைக்குப் போய்விடலாம் என்பது மறுபக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பகுதியான படுவான்கரையில் ஒரு விவசாயி எழுந்து, “அப்படி விற்றால் அதை வாங்கப்போவது யார்?” என்று கேட்பாரானால், சந்தை பற்றிய கேள்வியும், எந்தச் சமூகத்தின் நிலம் எந்தச் சமூகத்திடம் போகும் என்ற கேள்வியும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் சேர்ந்தே இருக்கின்றன. வேட்பாளர் அவ்விரண்டுக்கும் தனித்தனியாகவே பதில் சொல்லியாக வேண்டும்.