சிறிய போர்ட் பீப்பாயை வீட்டில் நிரப்பிப் பராமரிக்கும் முறை

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையிலிருந்து செய்யப்படும் போர்ட் ஒயினில் டானி என்ற வகை, பெரும்பாலும் விலா நோவா டி கையா நகரின் கிடங்குகளில், சுமார் 550 லிட்டர் கொள்ளும் பழைய ஓக் பீப்பாய்களில் பல ஆண்டுகள் கிடந்து பதப்படுகிறது. வீட்டில் வைக்கும் பீப்பாய் பொதுவாக 5 முதல் 20 லிட்டர் வரைதான் கொள்ளும். பீப்பாய் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு கூடிக்கொண்டே போகும். 10 லிட்டர் பீப்பாயில் அது பெரிய பீப்பாயில் உள்ளதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. 5 லிட்டர் என்றால் ஏறத்தாழ ஐந்து மடங்கு. மரத்தின் சாரம் ஒயினில் இறங்குவதும், காற்று உள்ளே கசிவதும், ஒயின் ஆவியாகிக் குறைவதும் அதே அளவுக்கு விரைவுபடுகின்றன.

ஆனால் இவை எல்லாம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. புதிய மரத்தின் துவர்ப்பும் வெனிலா மணமும் சில வாரங்களில் ஏறிவிடும்; உலர்ந்த அத்தி, வாதுமை, கருகிய சர்க்கரை ஆகியவற்றை நினைவூட்டும் முதிர்ந்த சுவை, ஆக்சிஜன் மெல்ல மெல்லச் செயல்பட்டு, ஆண்டுகளில்தான் வரும். முன்னதை அடக்கி, பின்னதற்குக் காலம் வாங்கிக் கொடுப்பதே சிறிய பீப்பாயைப் பராமரிப்பதன் சாரம். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் இதை ஒட்டியதுதான்.

பீப்பாயைத் தேர்ந்தெடுத்தல்

ஏற்கெனவே ஒயினோ பிராந்தியோ வைத்திருந்த, நல்ல மணமுள்ள பழைய பீப்பாய் கிடைத்தால் அதையே எடுங்கள். டோரோவின் தயாரிப்பாளர்கள் டானிக்குப் பழைய மரத்தையே நாடுவதற்குக் காரணம், அந்த மரம் தன் சுவையைத் திணிக்காமல் காற்றை மட்டும் சிறிது சிறிதாக விடும் என்பதுதான். தக்கையைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். காடி வாடையோ பூஞ்சை வாடையோ அடித்தால், விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அலங்காரத்துக்கென்று விற்கப்படும் சில பீப்பாய்களின் உட்புறம் மெழுகு பூசப்பட்டிருக்கும். வெளிப்புறம் முழுவதும் கெட்டியான வார்னிஷ் அடித்திருக்கும். அப்படிப்பட்டவற்றில் மரம் மூச்சுவிட வழியில்லை. வீட்டுக்கு 10 லிட்டருக்குக் குறையாத பீப்பாய் நல்லது என்பது என் கருத்து. 5 லிட்டர் பீப்பாயில் ஒயின் குறையும் வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம்.

ஊறவைத்தலும் மரத்தைத் தணித்தலும்

உலர்ந்த பீப்பாயில் நேரே ஒயினை ஊற்றக் கூடாது. பலகைகள் சுருங்கி, இடையே மயிரிழை அளவு இடைவெளிகள் விழுந்திருக்கும். முதலில் கால் பங்கு வெந்நீர் ஊற்றி, தக்கையைத் தளர்வாக வைத்து, பீப்பாயை எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். நீராவியின் அழுத்தம் சேராதபடி இடையிடையே தக்கையைத் திறந்துவிட வேண்டும். பிறகு ஒரு பக்கத் தட்டு கீழே இருக்கும்படி பீப்பாயை நிமிர்த்தி வைத்து, மேல்தட்டின் விளிம்புக்குள் வெந்நீரைத் தேங்கவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் திருப்பி வையுங்கள். அதன் பின் குளிர்ந்த நல்ல நீரை விளிம்பு வரை நிரப்பி, ஓர் அகலப் பாத்திரத்தின் மேல் வைத்துவிடுங்கள். முதல் சில மணி நேரம் மூட்டுகளில் முத்து முத்தாக நீர் திரண்டு சொட்டும். பிறகு சொட்டுவது நின்று, ஈரத்தால் கறுத்த ஒரு கோடு மட்டும் தெரியும். மரம் உப்பி முடிந்ததும் அந்தக் கோடும் வெளுத்துவிடும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள், இல்லையேல் வழவழப்பு தட்டிவிடும்.

அதற்குப் பிறகும் கசியும் இடம் இருந்தால், அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, தேன்மெழுகை அழுத்தித் தேயுங்கள். இரும்பு வளையங்கள் தளர்ந்திருந்தால், ஒரு கட்டைத் துண்டை வளையத்தின் விளிம்பில் வைத்து, பீப்பாயின் வயிற்றுப் பகுதியை நோக்கிச் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்ட வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் வளையம் கோணிக்கொள்ளும்.

புதிய பீப்பாயானால் இன்னொரு படி உண்டு, அதைத் தவிர்க்காதீர்கள். வெளியேறும் நீரின் பழுப்பு நிறம் வெளிறும் வரை வெந்நீரால் திரும்பத் திரும்ப அலசி, பிறகு விலை குறைந்த, சாராயம் சேர்த்துச் செறிவு கூட்டிய ஒயின் ஒன்றை நிரப்பி ஓரிரு மாதம் வைத்திருங்கள். அந்த ஒயின் மரத்தின் முரட்டுச் சாரத்தை வாங்கிக்கொள்ளும். குடிக்கத் துவர்ப்பாக இருந்தாலும் சமையலுக்கு உதவும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: பீப்பாயின் உள்ளும் புறமும் பிளீச்சிங் பவுடரோ குளோரின் கலந்த வேறெந்தத் திரவமோ படவே கூடாது. குளோரின் மரத்தில் உள்ள பொருள்களோடு சேர்ந்து, நுண்ணுயிர்களின் செயலால், ஈரக் காகிதப் பெட்டியின் முடைநாற்றத்தைத் தரும் சேர்மமாக மாறக்கூடும். மரத்தில் ஏறிவிட்டால் அதை எடுக்க முடியாது.

எதை நிரப்புவது

போர்ட்டில் எல்லா வகையும் பீப்பாய்க்கு ஏற்றதன்று. விண்டேஜ் போர்ட் இரண்டு மூன்று ஆண்டுக்குள் மரத்திலிருந்து எடுக்கப்பட்டு, காற்றுப் படாமல் புட்டியில் முதிர்வதற்காகவே செய்யப்படுவது. அதைத் திரும்ப மரத்தில் ஊற்றுவது பணத்தையும் ஒயினையும் வீணாக்கும். இளம் ரூபி வகையோ சாதாரண டானி வகையோதான் நிரப்ப ஏற்றவை. ரூபியில் பழச்சுவையும் நிறமும் மிகுதியாதலால் நெடுங்காலம் தாங்கும். டானியோ ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது. நான் இரண்டையும் சரிபாதியாகக் கலந்து தொடங்குவதையே விரும்புகிறேன்.

அடுத்தது மதுசாரத்தின் அளவு. போர்ட் செய்யும்போது, நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்துகிறார்கள்; 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம் என்பது மரபான கணக்கு. அதனால்தான் சர்க்கரை எஞ்சி நின்று இனிப்பும், 19 முதல் 22 சதவீத மதுசாரமும் சேர்ந்து கிடைக்கின்றன. இந்த மதுசாரமே ஒயினின் காவல்: காடி உண்டாக்கும் பாக்டீரியா இந்தச் செறிவில் வளராது. ஆகவே பீப்பாயில் உள்ளது 18 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்ததை நிரப்பச் சாதாரணச் சிவப்பு ஒயினை ஊற்றுவது, சிக்கனம்போலத் தோன்றினாலும், இந்தக் காவலைக் கலைத்துவிடும்.

செறிவைக் கூட்ட வேண்டுமானால் நல்ல பிராந்தியைச் சேர்க்கலாம். கணக்கு எளிது. வேண்டிய சதவீதத்திலிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழித்து, அதைப் பிராந்தியின் சதவீதத்துக்கும் வேண்டிய சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால், ஒரு லிட்டர் ஒயினுக்குச் சேர்க்க வேண்டிய லிட்டர் கிடைக்கும். 17 சதவீத ஒயின் 10 லிட்டர் இருக்கிறது, அதை 19 ஆக்க வேண்டும், கையில் இருப்பது 40 சதவீதப் பிராந்தி என்றால், 2-ஐ 21-ஆல் வகுக்க 0.095 வரும், 10 லிட்டருக்கு 0.95 லிட்டர் பிராந்தி. சேர்த்த பின் சில வாரம் காரம் தனித்து நிற்கும், பிறகு கலந்துவிடும். சாராயத்தை வீட்டில் வடித்தெடுப்பது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து, வாங்கியதையே பயன்படுத்துங்கள்.

நிரப்புதலும் முதல் மாதங்களும்

பீப்பாயை நிரப்புமுன் வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள், நிரப்பியதைத் தூக்கி நகர்த்துவது மூட்டுகளுக்கு நல்லதன்று. வெயில் படாத, வெப்பம் அதிகம் ஏறி இறங்காத, பெயின்ட், மண்ணெண்ணெய், சோப்பு போன்றவற்றின் வாடை அண்டாத இடம் வேண்டும். பீப்பாய் அதற்குரிய மரத்தாங்கியில் படுக்கை நிலையில், தக்கைத் துளை மேல்நோக்கி இருக்கும்படி அமர வேண்டும். ஊறவைத்த நீரை முழுவதும் வடித்து, உடனே புனல் வைத்து ஒயினை நிரப்புங்கள்; மரம் மறுபடியும் உலர இடம் கொடுக்காதீர்கள். தக்கைக்கு ஒரு விரல் கீழ் வரை நிரப்பினால் போதும். முதல் வாரத்தில் மரம் தன் பங்கைக் குடிப்பதால் மட்டம் இறங்கும், அப்போது ஒரு முறை நிரப்பிவிடுங்கள்.

முன்பக்க மரக்குழாயைப் பொருத்துவதானால், அதைத் தனியே ஒரு நாள் நீரில் ஊறவைத்து, மெல்லத் தட்டிச் செருக வேண்டும். உலர்ந்த குழாயை ஓங்கி அடித்தால் முன்தட்டில் விரிசல் விழும். உண்மையில் குழாயே இல்லாமல், தக்கைத் துளை வழியாகக் கண்ணாடிக் குழலால் உறிஞ்சி எடுப்பதுதான் சிறந்தது. குழாய் அழகுதான், ஆனால் கசிவும் கெடுதலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. குழாய் வைத்திருந்தால், ஒவ்வொரு முறை திறந்த பின்னும் அதன் வாயை வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த இனிப்பில் மொய்க்கும் பழ ஈக்கள் காடிப் பாக்டீரியாவைச் சுமந்து வருபவை.

புதிய பீப்பாயில் முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை ஒரு மடக்கு சுவைத்துப் பாருங்கள். நாக்கின் ஓரங்களில் துவர்ப்பு பிடித்து, அறுத்த மரத்தின் வாசம் பழச்சுவைக்கு முன்னால் வந்து நிற்கத் தொடங்கினால், மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் ஒயினைக் கண்ணாடிக் குடுவைகளுக்கு முழு மட்டத்துக்கு மாற்றிவிட்டு, பீப்பாயில் வேறு இளம் ஒயினை ஊற்றுங்கள். அந்த மரச்சுவை மிகுந்த ஒயினைப் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடலாம். இரண்டு மூன்று நிரப்புக்குள் மரம் அடங்கிவிடும்.

எடுப்பதும் ஈடுசெய்வதும்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டத்தைப் பாருங்கள். வறண்ட காற்றில் தண்ணீர் விரைவாக வெளியேறி மதுசாரத்தின் விகிதம் ஏறும். ஈரக் காற்றில் மதுசாரம் கூடுதலாக வெளியேறி விகிதம் இறங்கும். ஈரப்பதம் மிகுந்த வீட்டில் இருப்பவர்கள், மட்டத்தை நிரப்பும்போது ஒயினோடு சிறிது பிராந்தியும் சேர்ப்பது இதனால்தான் அவசியமாகிறது.

குடிக்க எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை கால் பங்கை எடுத்து, அதே அளவு இளம் ஒயினை ஊற்றிக்கொண்டே வந்தால், காலப்போக்கில் நீங்கள் எடுக்கும் ஒயின் பீப்பாயில் கழித்த சராசரிக் காலம் நான்கு ஆண்டில் நிலைபெறும். மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் மூன்று ஆண்டு. பாதியை எடுத்தால் இரண்டே ஆண்டு. உறை மோரைப் போல, உள்ளே விட்டுவைக்கும் பழையதுதான் புதிதாக ஊற்றுவதைத் தன் வழிக்குக் கொண்டுவருகிறது; கையை அடக்கி எடுப்பவருக்கே பழைய சுவை வாய்க்கும். விருந்தினர் வந்தார்கள் என்று ஒரே மாலையில் பாதிப் பீப்பாயைக் காலி செய்தால், பல ஆண்டுப் பொறுமை அன்றோடு போய்விடும்.

கழுவுதலும் காலியாக வைத்தலும்

ஆண்டுக்கொரு முறையோ இரண்டு ஆண்டுக்கொரு முறையோ ஒயினைச் சுத்தமான குடுவைகளுக்கு மாற்றி, அடியில் தங்கிய மண்டியை வெதுவெதுப்பான நீரால் அலசி வெளியேற்றி, நீர் தெளிந்ததும் நன்கு வடித்து, அன்றைக்கே ஒயினைத் திரும்ப ஊற்றிவிடுங்கள். சோப்பு வேண்டாம். உட்புறம் படியும் மணல்போன்ற படிகங்கள் திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு. சூடான நீரில் கரைந்துவிடும். வெளிப்புறத்தில் பூஞ்சை தென்பட்டால், செறிந்த மதுசாரத்தில் நனைத்த துணியால் துடைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

பீப்பாயைக் காலியாக வைக்க நேர்ந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் (நுண்ணுயிர்களை அடக்கும் கந்தக உப்பு) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, விளிம்பு வரை நிரப்பித் தக்கையை இறுக்குங்கள். சில வாரத்துக்கொரு முறை கரைசலைப் புதுப்பியுங்கள். இதைக் காற்றோட்டமான இடத்தில் கலக்க வேண்டும். கிளம்பும் வாயு மூச்சை அடைக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அருகே வரக் கூடாது. சாதாரண ஒயின் பீப்பாய்களுக்குக் கந்தகத் திரியைக் கொளுத்தி உள்ளே தொங்கவிடும் வழக்கம் உண்டு. போர்ட்டோ பிராந்தியோ இருந்த பீப்பாயில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்: மரத்திலிருந்து வெளிவரும் மதுசார ஆவி தீப்பற்றி வெடிக்கக்கூடும்.

பீப்பாயிலிருந்து எப்போதாவது நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடையோ காடியின் கூர்மையோ எழுந்தால், முதலில் மட்டத்தையும் தக்கையையும் பாருங்கள். வாடை இலேசாக இருந்தால், மட்டத்தை நிரப்பிச் செறிவை 20 சதவீதத்துக்கு உயர்த்தினால் அது மேலும் வளராமல் நிற்கும். நாக்கைக் கடிக்கும் அளவுக்கு ஏறிவிட்டதென்றால், ஒயினோடு பீப்பாயையும் கைவிட வேண்டியதுதான், ஏனெனில் பலகையின் நுண்துளைகளில் புகுந்த பாக்டீரியாவை எந்தக் கழுவலும் முழுமையாக எட்டுவதில்லை. அந்தப் பீப்பாயைக் காடி செய்வதற்கென்றே ஒதுக்கி, போர்ட் இருக்கும் அறையிலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.