ஹாம்ஸ்ட்ரிங் புடிச்சுக்கிச்சா? ஒரே கால்ல ரெண்டு தடவ கிழிச்சுக்கிட்டவன் சொல்றேன்

ஞாயித்துக்கிழம டர்ஃப்ல ஃபுட்பால் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்) ஆடுற ஆளு நான். த்ரூ பால் விரட்டி ஓடுறப்ப தொடைக்குப் பின்னாடி யாரோ கல்ல விட்டு எறிஞ்ச மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. அதான் ஹாம்ஸ்ட்ரிங். எல்லாரும் நரம்பு புடிச்சுக்கிச்சுன்னாங்க, ஆனா அது நரம்பு இல்ல, தசை. ஃபுல் ஸ்பீடுல ஓடுறப்ப கால் முன்னாடி வீசும்ல, அத பிரேக் போட்டு நிறுத்துறது இந்தத் தசைதான், நீண்டுக்கிட்டே இழுத்துப் புடிக்கணும், அங்கதான் கிழியுது.

ஸ்டெப் 1: மொத மூணு நாள். ஆட்டத்த அந்த நிமிஷமே நிறுத்துங்க. ஐஸ டவல்ல சுத்தி 10-15 நிமிஷம் வைங்க, வலி குறையும், அவ்ளோதான். க்ரேப் பேண்டேஜ் ஓகே. சுளுக்கு எடுக்குறவர்கிட்ட மட்டும் போயிராதீங்க, எண்ணெய் போட்டு அழுத்தி நீவுனா உள்ள ரத்தக்கசிவு கூடும். அன்னைக்கு சரக்கும் வேண்டாம். உக்கார்ற எலும்புக்கிட்ட டப்புன்னு சத்தம் கேட்டுச்சு, நடக்கவே முடியல, தொடை முழுக்க கன்னிப்போச்சுன்னா இத படிக்கிறத விட்டுட்டு ஆர்த்தோ டாக்டர பாருங்க. இடுப்புலேர்ந்து பாதம் வரைக்கும் மரத்துப்போனா பிரச்சன முதுகுலயும் இருக்கலாம், அதுக்கும் டாக்டர்தான்.

ஸ்டெப் 2: வலி கொஞ்சம் அடங்குனதும் நடங்க, பிரிட்ஜ் (மல்லாக்கப் படுத்து முட்டிய மடக்கி இடுப்ப மேல தூக்குற பயிற்சி) போடுங்க. வலி 10க்கு 3 தாண்டக்கூடாது.

ஸ்டெப் 3: நான் கோட்டை விட்ட எடம் இதுதான். ரெண்டாவது வாரமே மாடிப்படி சாதாரணமா ஏறுனேன், வலியே இல்ல, சரியாயிருச்சுன்னு மூணாவது வாரம் ஆடப் போயிட்டேன், பத்தாவது நிமிஷம் அதே எடம், இந்தத் தடவ இன்னும் மோசம். நடக்குறப்ப வலி இல்லைங்கிறதுக்கும் ஸ்பிரிண்ட் அடிக்கலாம்ங்கிறதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. நடக்குறப்ப அந்தத் தசைக்கு வேலையே கம்மி. அத நீட்டி வச்சு பலப்படுத்தணும். ஸ்வீடன்ல ஆஸ்க்லிங்னு ஒருத்தர் 2013ல 75 ஃபுட்பால் பிளேயர்கள வச்சு இதையே பாத்திருக்கார்: நீட்டி வச்சு செய்யுற பயிற்சி பண்ணவங்க சராசரியா 28 நாள்ல திரும்பி வந்தாங்க, வழக்கமான பயிற்சி பண்ணவங்களுக்கு 51 நாள்.

அதுல ஈசியானது எக்ஸ்டெண்டர். மல்லாக்கப் படுத்து, அடிபட்ட கால் தொடைய ரெண்டு கையாலயும் நேரா மேல புடிச்சுக்கிட்டு முட்டிய மெதுவா நீட்டணும், வலி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திரணும். 12 தடவ, 3 செட், தினமும் ரெண்டு வேளை.

ஓட்டம் ஜாக்ல ஆரம்பிச்சு, பாதி ஸ்பீடு, அப்புறம் 70, 80, 90 சதவீதம்னு போகணும். ஒவ்வொன்னுக்கும் மறுநாள் காலையில தசை முறுக்கா இருந்தா ஒரு படி கீழ எறங்குங்க. பால் இல்லாம ஃபுல் ஸ்பிரிண்ட் பயமே இல்லாம அடிக்க முடிஞ்சாதான் மேட்ச். காலண்டர பாத்து முடிவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 4: திரும்ப வராம இருக்க நார்டிக்னு ஒரு பயிற்சி. முட்டி போட்டு, கணுக்கால ஒரு ஃபிரெண்டு பின்னாடி புடிச்சுக்க, ஒடம்ப பலகை மாதிரி நேரா வச்சுக்கிட்டு முன்னாடி மெதுவா சாயணும், தாங்க முடியாதப்ப கைய ஊனிக்கலாம். இடுப்பு மடங்குனா அது நார்டிக்கே இல்ல, நமஸ்காரம். மொத வாரம் ஒரே ஒரு நாள், 5 தடவ, 2 செட் போதும். நான் மொத நாளே 30 அடிச்சிட்டு நாலு நாள் வெஸ்டர்ன் டாய்லெட்ல கூட உக்கார முடியல. ஃபிஃபா 11+ வார்ம்அப்லயே இது இருக்கு, ஆனா எங்க டீம்ல ஒரு பய பண்றதில்ல.

கலர் கலரா ஒட்டுற டேப்புக்கு காசு செலவு பண்ணாதீங்க, ஃபோம் ரோலர் சுகமா இருக்கும் ஆனா பலம் தராது. அந்தக் காசுக்கு ஒரு யோகா மேட் வாங்குங்க.

அப்டேட்: முட்டி வலிக்குதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க, மேட்ட நாலா மடிச்சு அடியில போடுங்க. கணுக்கால் புடிக்க ஆள் இல்லைன்னா கட்டிலுக்கு அடியில மாட்டலாம், ஆனா கனமான மரக்கட்டிலா இருக்கணும், என் பிளாஸ்டிக் ஃப்ரேம் கட்டில் என் கூடவே கவுந்துருச்சு. அப்புறம் சனிக்கிழம நைட்டு நார்டிக் பண்ணிட்டு ஞாயித்துக்கிழம மேட்ச்சுக்குப் போகாதீங்கப்பா, செவ்வா வியாழன்ல வச்சுக்கோங்க.