சாய்ந்த வீட்டை நிமிர்த்தாதீர்கள்: இங்கிலாந்தின் மரச்சட்ட வீடுகளில் நடக்கும் தவறுகள்

செஷயரில் அகழி சூழ நிற்கும் லிட்டில் மோர்ட்டன் ஹாலைப் படத்தில் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது எப்போது விழும் என்பதுதான். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய அந்த வீட்டில் நேர்கோடு என்று ஒன்றைக் காண்பது அரிது. உச்சியில் நீண்ட கூடம் ஒன்றை எழுப்பி, அதன்மேல் கனமான கல்பலகைக் கூரையையும் ஏற்றிவிட்டார்கள். கீழ்த்தளங்கள் நெளிந்தன. ஆனாலும் நிற்கிறது.

இவ்வகை வீட்டில் பாரம் தாங்குவது ஓக் மரச்சட்டம் மட்டுமே. சட்டங்களுக்கு இடையே தெரியும் வெள்ளைச் சுவர் வெறும் அடைப்பு. இதை மறந்தால் மற்ற தவறுகள் தாமாக வந்து சேரும்.

கோணலை நோய் என்று நினைப்பது அதில் ஒன்று. அக்காலத் தச்சர்கள் ஈரம் காயாத ஓக்கையே இழைத்தார்கள். காய்ந்த ஓக் உளிக்கு மசியாது. மரம் வீட்டில் நின்றபடியே காய்ந்து, சுருங்கி, முறுகியது. ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்தும் அது நுழையும் மற்ற மரத்தின் துளையும் சேருமிடத்தில் அடித்த மர ஆணி அந்த அசைவைத் தாங்கிக்கொண்டது. பழைய கோணலை ஜாக்கி வைத்து நிமிர்த்தினால், நூற்றாண்டுகளாகப் படிந்த மூட்டுகள்தான் உடையும். கவலைப்பட வேண்டியது இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் கோணலைக் கண்டால் மட்டுமே. எனவே முதலில் அளந்து கண்காணிக்க வேண்டும்.

பெரிய கேடு சிமென்டால் வந்தது. பழைய அடைப்பு என்பது குச்சிப் பின்னல்மேல் களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியது. மரம் அசையும்போது அதுவும் கொஞ்சம் இளகிக்கொடுக்கும்; உள்ளே புகுந்த ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். சிமென்டுக்கு இந்த இரண்டுமே தெரியாது. மரத்தை ஒட்டிய ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விடும், மழைநீர் அதில் இறங்கும், வெளியேற வழியில்லாமல் ஓக்கிலேயே தங்கும். பூச்சு பளிச்சென்று இருக்கும்; பின்னால் மரம் மக்கும், ஈர ஓக்கைத் தேடி வண்டு வரும். இடுக்குகளைச் சிலிகான் பசையால் அடைப்பதும் இதே கதைதான், ட்யூப் மட்டும் புதிது.

கறுப்பு வெள்ளைதான் அசல் நிறம் என்ற நம்பிக்கையும் பரவலானது. அந்த அழுத்தமான கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் விக்டோரியா அரசி காலத்து மோகம். சஃபோக்கின் லாவென்ஹாமில் சாம்பல்வெள்ளியாக வெளுத்த ஓக்கை இன்றும் பார்க்கலாம். (என் கண்ணுக்கு அதுதான் அழகு.) அதற்காக மணலை வீசியடித்துக் கறுப்பை உரிக்கக் கூடாது. பட்டறையில் கோத்துப் பார்த்து, கழற்றி எடுத்துவந்து நிறுத்திய சட்டங்கள் இவை. எது எதோடு சேரும் என்று காட்ட ரோமானிய எண்கள்போல் தச்சர்கள் கீறிய குறிகள் மரத்தில் இருக்கும். மேற்பரப்பு போனால் அவையும் போகும். மோர்ட்டனில் சன்னல்களைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேல், 1559 என்று ஆண்டு போட்டுத் தன் பெயரையே செதுக்கி வைத்திருக்கிறார்.

மரத்தில் எதுவும் கோக்காத காலித் துளைகளைக் கண்டதும் 'உடைத்த கப்பலின் மரம்' என்று சொல்லிவிடுவார்கள். கடலிலிருந்து வெகுதூரத்து ஊர்களிலும் இதே கதை! பெரும்பாலும் அவை, பிரித்த வேறொரு கட்டடத்திலிருந்து வந்த மரங்களின் பழைய துளைகள், அல்லது பின்னால் எடுத்துவிட்ட தடுப்பின் தடயங்கள்.

தலை இடிக்கிறது என்று குறுக்கு உத்திரத்தை அறுப்பதோ உண்மையிலேயே ஆபத்து. கூரை தள்ளும் தள்ளலில் இருபக்கச் சுவர்களும் விரியாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். கம்பத்தின் அடி மக்கியிருந்தாலும் முழுக் கம்பத்தை மாற்ற வேண்டாம். மக்கிய பகுதியை மட்டும் வெட்டி, புது ஓக்கைச் சாய்வாக ஒட்டுப்போட்டால் போதும். 1877இல் ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இதைத்தான் வலியுறுத்துகிறது.

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீடென்றால், அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது அங்கே குற்றம். உள்ளே செய்யும் வேலைக்கும் இது பொருந்தும். முன்பு குடியிருந்தவர் செய்த அத்துமீறலைச் சரிசெய்யும்படி, இப்போதைய உரிமையாளருக்கே உள்ளாட்சி நோட்டீஸ் அனுப்பலாம்.